சத்து மாத்திரை

திருச்சுழி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மருந்துக் கடை வைத்திருந்த யாக்கோபுவை ஜனங்கள் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். மதுரையில் இரண்டு வருசம் படித்து வாங்கிய பார்மசி டிப்ளமோவைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அதை நிமிர்ந்து பார்த்தவர்கள் யாருமில்லை. காய்ச்சலோ பேதியோ, டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவரிடம் வருவார்கள். டாக்டரிடம் போய்விட்டு வந்த பிறகும் அவரிடமே வந்து, "இது சரியாத்தான் எழுதிருக்காகளா?" என்று சீட்டை நீட்டுவார்கள்.

பெண்கள் வேறொரு விசயத்துக்கும் வருவார்கள். மத்தியானம், பஸ் போய்க் கடை வெறிச்சோடுகிற நேரமாகப் பார்த்து வந்து, "சத்து மாத்திரை வேணும்" என்பார்கள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் இருமல் மருந்துப் பாட்டில்களைப் பார்ப்பார்கள். யாக்கோபு உள்ளே போய் ஒரு காகித உறையோடு வருவார். உறைக்குள் இருபத்தொரு வெள்ளை மாத்திரை, ஏழு காவி மாத்திரை. காவி மாத்திரை நிஜமாகவே சத்து மாத்திரைதான், இரும்புச் சத்து. வெள்ளை மாத்திரை, பிள்ளை உண்டாகாமல் இருப்பதற்கு.

ஆரம்பத்தில் அவரும் அட்டையோடுதான் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருத்தியின் புருசன் கண்ணில் அட்டை பட்டுவிட்டது. அதில் சிரிக்கிற பெண் படத்தைப் பார்த்தால் எழுத்துத் தெரியாதவனுக்கும் விசயம் விளங்கிவிடும். அவள் மறுவாரம் வீங்கிய கையோடு வந்து வலி மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். அன்றிலிருந்து யாக்கோபு அட்டையைப் பிரித்து, மாத்திரைகளை உறையில் போட்டு, 'சத்து மாத்திரை, இரவு 1' என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். எல்லா மாத்திரையையும் தகர டப்பாவிலிருந்து எண்ணிக் காகித உறையில் கொடுக்கிற காலம் அது. எவனுக்கும் சந்தேகம் வரவில்லை.

சட்டப்படி டாக்டர் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அருப்புக்கோட்டை போக வேண்டும். போக வேண்டுமென்றால் புருசனிடம் சொல்ல வேண்டும். சொல்ல முடிந்தவள் எதற்கு இப்படி மறைந்து மறைந்து வருகிறாள்? சர்க்கார் ஆஸ்பத்திரியில் சும்மாவே கொடுப்பார்கள்தான். ஆனால் நோட்டில் பேர் எழுதுவார்கள். நர்சம்மா வீடு தேடி வந்து, தெருவே கேட்க, "மாத்திரைய ஒழுங்காச் சாப்பிடுறியா?" என்று விசாரிப்பார். நல்ல எண்ணம்தான். அந்த நல்ல எண்ணத்துக்குப் பயந்துதான் இத்தனை பேரும் யாக்கோபு கடைக்கு வந்தார்கள்.

தலைவலி உண்டா, கால் வீங்குமா என்று கேட்பார். பிரஷர் பார்ப்பார். எந்த ஊர், யார் வீடு, யாருக்கு வாக்கப்பட்டவள் என்று மட்டும் கேட்க மாட்டார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. "நாப்பது பொம்பளைக எங்கிட்ட வாராக. ஒருத்தி விலாசமும் எனக்குத் தெரியாது" என்று மனைவி இன்பராணியிடம் சொல்லிக்கொள்வார்.

மாரிக்கனி முதன்முதலாக வந்தது எண்பத்தாறு பங்குனியில். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. மூன்றும் பெண். அவள் முகத்தில் ரத்தம் என்பதே இல்லை. மூன்றாவது பிரசவத்தில் உதிரம் நிற்காமல் பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாள்.

"இன்னொன்னு உண்டானா உசுரு தங்காதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக சார். ஆப்பரேசன் செஞ்சுக்கன்னாக. எங்க வீட்டுல கையெழுத்துப் போட மாட்டேன்னுட்டாக. ஆம்பளப் பிள்ளை வேணுமாம்."

"டாக்டரம்மா சொன்னத அவரும் கேட்டாரா?"

"கேட்டாக. டாக்டருக அப்படித்தான் பயங்காட்டுவாகன்னாக."

கோபமே இல்லாமல் சொன்னாள். கண்மாயில் தண்ணி இல்லை என்று சொல்கிற மாதிரி. யாக்கோபு உறையைக் கொடுத்து, மாசக் குளியல் தொடங்கி அஞ்சாம் நாள் முதல் மாத்திரை, முதலில் வெள்ளை, பிறகு காவி, ஒரு நாளும் தவறக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். அவள் இரண்டு தடவையும் திருப்பிச் சொன்னாள். அதற்குப் பிறகு மாசம் தவறாமல் வந்தாள். வருசம் திரும்புவதற்குள் கன்னத்தில் சதை பிடித்து, கண்ணுக்குக் கீழே கருப்புப் போய், ஆளே மாறிவிட்டாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் யாக்கோபுவுக்குச் சந்தோசமாக இருக்கும். ஒரு உசுரைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார். அது உண்மையும்தான்.

எண்பத்தேழு தை மாசம் ஒரு வயதான அம்மாள் வந்தாள். ஒடிசலான உடம்பு, வெற்றிலைக் காவி ஏறிய பல், காட்டு வேலை செய்து காய்த்துப்போன கை. பெயர் தங்கத்தாய் என்பது பின்னால்தான் தெரியும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கம்பவுண்டர் தம்பி, அந்தச் சத்து மாத்திரை, வெள்ளையும் காவியும் இருக்குமே, அது ஒரு கவர் குடுங்க" என்றாள்.

யாக்கோபு எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஆரம்பித்தார். "தெரியும்யா. குளிச்ச அஞ்சாம் நாளு, மொதல்ல வெள்ளை. நாந்தான் எடுத்துக் குடுக்கப் போறேன்" என்றாள் அவள்.

இந்த வயதில் அவளுக்கு எதற்கு மாத்திரை? மருமகளுக்குத்தான் வாங்குகிறாள் என்று யாக்கோபு முடிவு கட்டிவிட்டார். பெற்ற மகனுக்குத் தெரியாமல் மருமகளுக்கு மாத்திரை வாங்க வருகிற மாமியாரை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்றைக்கு வீட்டில் ஜெபம் பண்ணும்போது பேர் தெரியாத அந்த அம்மாளுக்காகவும் வேண்டிக்கொண்டார். தலைவலி உண்டா, கால் வீங்குமா என்று மற்றவர்களிடம் கேட்கிறதைக்கூட அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் யாருக்கு என்ற பேச்சு வந்திருக்கும். பெருமை கண்ணை மறைக்கும்போது கேள்வி எப்படி வரும்?

இப்படியே இரண்டரை வருசம் போனது. அவளும் மாசம் தவறவில்லை.

எண்பத்தொன்பது ஆடியில் அவள் ஒரு இளம்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நெடுநெடுவென்று உயரமாக, அழுது அழுது இமை தடித்த பெண்.

"என் மக அருஞ்சுனை. காரியாபட்டியில கட்டிக் குடுத்துருக்கு. நீங்க குடுக்கிற மாத்திரையத்தான் தம்பி விடாம குடுக்கேன். மாசாமாசம் பஸ்ஸேறிப் போயி அவ கையில குடுத்துட்டு வாரேன். ஒருநாள் தவறவிட்டதில்ல. முன்னெல்லாம் அவளுக்கு மாசக் குளியல் முன்னப்பின்ன வரும். இதச் சாப்பிட்ட பெறகு கெடிகாரம் மாதிரி வருது. ஆனா வயித்துல மட்டும் ஒன்னும் நிக்க மாட்டேங்குது. இதவிட வீரியமானதா ஒன்னு இருந்தாக் குடுங்க."

யாக்கோபுவின் தலையில் யாரோ கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. அந்தப் பெண்ணை எதிர்க்கடையில் கலர் சோடா குடிக்க அனுப்பிவிட்டு, "இந்த மாத்திரைய உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார். இரண்டரை வருசம் கழித்துக் கேட்டார்.

"யாரும் சொல்லல. எம்.ரெட்டியபட்டியில எங்க வீட்டுல என் மருமக சாப்பிடுறா. மாரிக்கனின்னு பேரு. சாகக் கெடந்தவ அவ. ஒருநாள் உப்புப் பானைக்குப் பின்னால கவர் இருந்துச்சு. என்னன்னு கேட்டேன், ரத்தம் ஊறுற மாத்திரைன்னா. சாப்பிடுற விதமும் சொன்னா. அவ தெளிஞ்சு வந்த அழகப் பாத்துத்தான் என் மகளுக்கும் வாங்குனேன். மகளுக்குச் செய்யிறது மருமகளுக்குத் தெரிஞ்சா வீட்டுல பேச்சு வரும்ல, அதான் சொல்லாம வாரேன்."

ஒரே வீட்டுக்குள் இரண்டு பெண்கள் ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஒரே மாத்திரையை மறைத்து வைத்திருக்கிறார்கள். ஒருத்திக்கு அது உசுரைக் காத்தது. இன்னொருத்தியின் மகளுக்கு வயிற்றை அடைத்தது. இரண்டு உறையிலும் யாக்கோபுவின் கையெழுத்து.

"இது மகளுக்கு ஒத்துக்காது. இன்னையோட நிறுத்திருங்க. தானா உண்டாகும்" என்றார்.

"எங்கய்யா உண்டாகுறது? மருமகனுக்கு ரெண்டாந்தாரம் பாத்துட்டாக. ஆவணியில கலியாணம். வர்ற ஞாயித்துக்கெழமை காரியாபட்டியில பேச்சு முடிக்கிறாக. எங்களையும் வரச் சொல்லிருக்காக."

அந்த ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் பாதி ஆராதனையில் எழுந்து யாக்கோபு பஸ் ஏறினார். போகிற வழியெல்லாம் ஒரே ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நான் தவறுதலாக மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டேன். குற்றம் என்னுடையது. இதைச் சொன்னால் அருஞ்சுனை பிழைப்பாள், மாரிக்கனியும் மாட்டிக்கொள்ள மாட்டாள். லைசென்சு போனால் போகட்டும்.

காரியாபட்டி வீட்டு முற்றத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். அருஞ்சுனையின் புருசன் செல்லப்பாண்டி தலையைக் குனிந்து தரையில் குச்சியால் கீறிக்கொண்டிருந்தான். அவன் அம்மா நடுவில் இருந்தாள். மூத்த தாரம் அருஞ்சுனையும் அதே வீட்டில் ஒரு பக்கமாக இருந்துகொள்ளட்டும் என்று பேச்சு முடிகிற நேரம். பெண் வீட்டுக் கூட்டத்தில் தங்கத்தாய், அவள் மகன் ஆண்டிச்சாமி, அவனுக்குப் பின்னால் கடைசிப் பிள்ளையோடு மாரிக்கனி. யாக்கோபுவைப் பார்த்ததும் மாரிக்கனிக்கு முகம் வெளுத்துவிட்டது.

அவர் நின்றபடியே தன் பொய்யைச் சொன்னார். அருஞ்சுனை இந்த இரண்டரை வருசமும் சாப்பிட்டது கர்ப்பத்தடை மாத்திரை, நிறுத்தினால் பிள்ளை உண்டாகும், தவறு தன்னுடையது என்றார். செல்லப்பாண்டி நிமிர்ந்து பெண்டாட்டியைப் பார்த்தான். ஒரு நிமிசம் எல்லாம் சரியாகிவிடும் போல இருந்தது.

அவன் அம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஒரு தடவ தப்பாக் குடுத்தீக, சரி. முப்பது தடவையுமா தப்பாக் குடுத்தீக? நீங்க என்ன நேத்தா கடை வச்சீக?"

அவள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப விசயம் வேற. ஆத்தாளும் மகளும் கூடிப் பேசித்தான் வாங்கித் தின்னுருக்காளுக. எம் மகன் பிள்ளையச் சுமக்க இவளுக்குப் பிரியமில்ல. எவன நெனச்சு இப்படிச் செஞ்சாளோ!"

மலடி என்று ஒதுக்கி வைக்கப்பட இருந்தவள் கண் இமைக்கும் நேரத்தில் நடத்தை கெட்டவளாகிவிட்டாள். மூத்தவளாக ஒரு ஓரத்தில் இருந்துகொள்ளட்டும் என்ற பேச்சும் போய், இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றாகிவிட்டது. அருஞ்சுனை ஓடிவந்து யாக்கோபு காலடியில் விழுந்தாள். "சார், உண்மையச் சொல்லுங்க சார். எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லுங்க சார்."

உண்மை அவர் தொண்டையில்தான் இருந்தது. இந்த மாத்திரையைச் சத்து மாத்திரை என்று பேர் எழுதித்தான் கொடுப்பேன், இந்த அம்மாள் தன் மருமகளைப் பார்த்து ஏமாந்துபோனாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த கேள்வி மாரிக்கனி மேல் விழும். அந்த நாற்பது பெண்களை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன் என்று பின்னால் இன்பராணியிடம் சொன்னார். அது பாதி நிஜம். மீதிப் பாதி பயம்.

பேசியது மாரிக்கனி. இடுப்பிலிருந்த பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"மதினிய ஒன்னும் சொல்லாதீக. அது எம் மாத்திரை. நாந்தான் சத்து மாத்திரைன்னு அத்தைகிட்டப் பொய் சொன்னேன். அத்தை அத நம்பி மகளுக்கும் குடுத்துட்டாக. ரெண்டு பேருக்கும் ஒன்னும் தெரியாது."

சொல்லிவிட்டுப் புருசனைத் திரும்பிப் பார்த்தாள். ஆண்டிச்சாமி அங்கே அடிக்கவில்லை. சபையில் அடிக்கிற ஆள் இல்லை அவன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து பஸ்ஸுக்கு நடந்தான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். யாக்கோபுவைக் கடக்கும்போது, "நீங்க வந்து சொன்னீகளே, அது போதும் சார்" என்றாள்.

செல்லப்பாண்டி அன்றைக்கே பெண்டாட்டியைச் சேர்த்துக்கொண்டான். ஆவணிக் கலியாணம் நின்றது. நாலு மாசத்தில் அருஞ்சுனை உண்டாகிவிட்டாள் என்று சேதி வந்தது.

ஆண்டிச்சாமி மட்டும் ஒருநாள் கடைக்கு வந்தான். சத்தம் போடவில்லை. "எம் பொண்டாட்டிக்கோ எங்க வீட்டு ஆளுகளுக்கோ இனிமே ஒரு மாத்திரை குடுத்தீகன்னா, சீட்டு இல்லாமக் குடுத்தீகன்னு டவுனுல அதிகாரிக்கு எழுதிப் போட்டுருவேன். கடை இருக்காது" என்றான். யாக்கோபு டாக்டரம்மா சொன்னதை எடுத்துச் சொல்லப் பார்த்தார். "எங்க குடும்பத்த நாங்க பாத்துக்கிறோம்" என்று போய்விட்டான். மாரிக்கனி அதற்குப் பிறகு கடைப் பக்கம் வரவில்லை.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் தங்கத்தாய் வந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. கடையில் வேறு யாருமில்லை. குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த மாத்திரை ஒரு கவர் குடுங்க. மருமகளுக்கு" என்றாள்.

யாக்கோபு அவளையே பார்த்தார்.

"எம் மக வாழ்க்கையக் காப்பாத்திட்டு அவ தெனம் பயந்து செத்துக்கிட்டு இருக்கா. எம் மகன்கிட்டச் சொல்லிப் பாத்தேன், கேக்கல. எங்கிட்ட இருக்கட்டும். நானே ராத்திரி சோத்தோட வச்சுக் குடுத்துருவேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, வேற கடையில என்னன்னு கேப்பேன்?"

மாத்திரை உள்ளே அலமாரியில் இருந்தது. கைக்கெட்டும் தூரம். ஆண்டிச்சாமி சொன்னது யாக்கோபு காதில் அப்படியே இருந்தது. காரியாபட்டி முற்றத்தில் லைசென்சு போனால் போகட்டும் என்று நின்றவர்தான். ஆனால் அன்றைக்குத் துணிந்தது ஒரு நாளைக்கு. இது மாசாமாசம் துணிய வேண்டிய காரியம்.

"ஸ்டாக்கு இல்லம்மா" என்றார்.

"எப்ப வரும்?"

"வர்றது இல்ல இப்பல்லாம்."

தங்கத்தாய் நம்பினாளோ இல்லையோ, தலையை ஆட்டிக்கொண்டு மழையில் இறங்கினாள். உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த இன்பராணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் யாக்கோபு ஒரு உறையைப் பையில் வைத்துக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்குப் பஸ் ஏறினார். ஊர் விலக்கில் இறங்கி, டீக்கடையில் ஆண்டிச்சாமி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு போகவில்லை. போயிருக்கலாம். எத்தனையோ நாள் இருந்தது.

தொண்ணூறு ஆனியில் செல்லப்பாண்டி சைக்கிளில் வந்து, ஆண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனான். அருஞ்சுனை அவரைச் சாமி மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறாளாம். யாக்கோபு மிட்டாயை வாங்கி மேசை மேல் வைத்தார். தின்ன முடியவில்லை.

ஆவணி கடைசியில் தங்கத்தாய் வந்தாள். இந்தத் தடவை நேரம் காலம் பார்க்கவில்லை. கடை நிறைய ஆட்கள் நின்றார்கள். முந்தானைக்குள் ஒரு பச்சைப் பிள்ளையைச் சுற்றி வைத்திருந்தாள். எல்லோரும் போகும்வரை ஓரமாக நின்றாள். அவள் நின்ற விதத்திலேயே யாக்கோபுவுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் அவள் வாயால் கேட்கிற தண்டனை பாக்கியிருந்தது.

"போன செவ்வாக்கெழமை" என்றாள். "உதிரம் நிக்கல. ஜீப்பு வந்து சேர முந்திப் போயிட்டா. நாலாவதும் பொட்டப் பிள்ளை."

யாக்கோபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். அழுகைதான் வந்தது. கடைக்குள் நின்று, ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, பெரிய மனுசன் விம்மி விம்மி அழுதார். தங்கத்தாய் அழவில்லை. அவர் அழுது முடிக்கட்டும் என்று பிள்ளையை ஆட்டிக்கொண்டு நின்றாள்.

"அருஞ்சுனை வந்து பால் குடுக்கா. ரெண்டு பிள்ளைக்கும் பத்தல. எம் மகன் எந்திரிக்காமக் கெடக்கான், அவனச் சொல்லி இனி என்ன? இதையாவது நான் வளத்து ஆளாக்கணும். பால்பவுடர் டப்பா ஒன்னு வேணும்."

அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அதாச்சும் ஸ்டாக்கு இருக்கா, தம்பி?"